ஐரோப்பாவின் வரலாறும் ஷோனெஃபெல்ட் வழி வந்தவர்களும்

பேர்லினில் எங்களில் ஏழெட்டுப் பேர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி வாசிப்பதுண்டு. கடந்த ஒன்றரை வருடமாக நாங்கள் எடுத்துக்கொண்ட விடயம் இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் வரலாறு. எரிக் ஹொப்ஸ்பாமின் ‘அதீதங்களின் யுகம்’ (1994), மார்க் மஸோவரின் ‘இருண்ட கண்டம்’ (1998), டோனி ஜட்டின் ‘போருக்குப் பின்’ (2005) ஆகிய மூன்று பெரிய நூல்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தோம். வாசித்தோம் என்று பன்மையில் சொன்னாலும் கடைசிப் பக்கம் வரை போனவர்கள் மூவர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலர் டொச்சிலும் சிலர் ஆங்கிலத்திலும் வாசித்ததால் பக்க எண் சொல்லிச் சண்டைபிடிக்கவும் முடியவில்லை.

மூன்று நூல்களுக்கும் மதிப்புரை எழுதுவது எனது நோக்கமல்ல. பெரும்பாலும் ஜட்டின் நூலோடுதான் எனக்கு வழக்கு. அந்த வழக்கும் பாதித் தூரம் போனபின் எங்கள் பக்கமே திரும்பிவிட்டது. அதனால்தான் எழுதவேண்டியிருக்கிறது.

இந்த நூலை எழுதும் எண்ணம் தனக்கு எங்கே தோன்றியது என்று ஜட் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். 1989 டிசம்பர். பிராக் நகரிலிருந்து திரும்பி வரும் வழியில் வியன்னாவின் மேற்கு ரயில்நிலையத்தில் ரயில் மாறுகிறார். செக்கோஸ்லாவாக்கியாவில் நாற்பது வருடக் கட்சியாட்சி கண்முன்னே கரைந்துகொண்டிருக்கிறது. ஒரு காலம் முடிந்துவிட்டது, போருக்குப் பிந்திய ஐரோப்பாவின் கதையை இனிப் புதிதாகச் சொல்லவேண்டும் என்று அவருக்குப் படுகிறது. நல்ல தொடக்கம். 1948இல் லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த வரலாற்றாசிரியர் ஒருவர் நிற்பதற்குப் பொருத்தமான இடம்தான் அந்த மேடை.

நான் நின்ற மேடை வேறு. 1985 பெப்ரவரியில் கொழும்பிலிருந்து ஏரோஃப்ளொட் விமானத்தில் ஏறி, மொஸ்கோ விமானநிலைய வாங்கு ஒன்றில் ஒரு இரவைக் கழித்து, மறுநாள் மத்தியானம் ஷோனெஃபெல்டில் இறங்கினேன். கிழக்கு பேர்லினின் விமானநிலையம் அது. நகர எல்லைக்குச் சற்று வெளியே, தெற்கே இருந்தது. ஏஜென்சிக்காரர் சொல்லித் தந்தவை மூன்றே விடயங்கள். “ஒருத்தரோடையும் கதையாதை. கேட்டால் வெஸ்ட் பேர்லின் எண்டு மட்டும் சொல்லு. ரயில் கடைசியா நிக்கிற இடத்திலை இறங்கு.” காலில் பாட்டா செருப்பு. வெளியே பனி முழங்கால் வரை கிடந்தது. எங்களோடு வந்திறங்கிய ஒரு தம்பி அதைக் கையில் அள்ளி மணந்து பார்த்தான்.

எஸ்-பான் ரயில் கடைசியாக நின்ற இடம் ஃபிரீட்ரிக்ஸ்ட்ராஸ. ஒரே நிலையத்துக்குள் இரண்டு உலகங்கள். கிழக்குப் பக்கத்தில் சோதனை, முத்திரை, ஒடுக்கமான வழி, ஒரு கதவு. அந்தக் கதவுக்கு அப்பால் மேற்கு நோக்கிப் போகும் ரயில்கள். அங்கே எங்கள் பாஸ்போட்டைப் பார்க்க எவரும் நிற்கவில்லை. இது கவனக்குறைவல்ல. பேர்லின் முழுவதும் நான்கு வல்லரசுகளின் பொறுப்பிலுள்ள ஒரே நகரம், அதன் நடுவே ஓடும் கோடு சர்வதேச எல்லை அல்ல என்பதுதான் 1945இலிருந்து மேற்குத் தரப்பின் சட்ட நிலைப்பாடு. அங்கே ஒரு குடிவரவு மேசையைப் போட்டால் அந்தக் கோட்டைத் தாங்களே எல்லையாக ஏற்றுக்கொண்டதாகிவிடும். ஆகவே மேசை போடப்படவில்லை. போட்ஸ்டாம் மாநாட்டில் ஸ்டாலினும் ட்ரூமனும் சேர்ச்சிலும் அட்லியும் பேசிய காலத்தில் எவருடைய மனதிலும் இல்லாத பருத்தித்துறைப் பொடியன்கள், அவர்கள் விட்டுவைத்த அந்த இடைவெளிக்குள்ளால் நாற்பது வருடம் கழித்து நடந்து வந்தார்கள்.

நான் ஐரோப்பிய வரலாற்றைப் படிக்கத் தொடங்கியது அன்றுதான். படிக்கிறேன் என்று அப்போது தெரியாது.

1985இல் மட்டும் மேற்கு ஜேர்மனியில் தஞ்சம் கோரிய இலங்கையர் பதினேழாயிரத்துக்கும் அதிகம். பெரும்பான்மையானோர் வந்த வழி இதுதான். 1983 ஜூலைக்குப் பிறகு நாட்டில் இருக்க முடியாமற் போனவர்கள், இயக்கங்களுக்கும் இராணுவத்துக்கும் இடையில் நின்றவர்கள், வீட்டில் ஒருவராவது உழைக்கவேண்டும் என்று அனுப்பப்பட்டவர்கள் என எல்லோரும் இருந்தோம். இதை மறைக்கத் தேவையில்லை. பொன் அரசு இதைக் கிழக்கின் சதியாகப் பார்த்தது. கிழக்குக்கு இதில் வெளிநாட்டுச் செலாவணியும் இருந்தது, மேற்கை நெருக்கும் சுகமும் இருந்தது. எங்கள்மீது கொண்ட சோசலிச சகோதரத்துவம் என்று அந்தக் காலத்தில் ஒரு தோழர் விளக்கம் தந்தார். சகோதரத்துவத்தின் விலை 1985 ஜூலையில் தெரியவந்தது. இரு ஜேர்மனிகளுக்கும் இடையிலான வர்த்தகத்தில் கிழக்குக்கு மேற்கு தரும் வட்டியில்லாக் கடனின் எல்லை 60 கோடி மார்க்கிலிருந்து 85 கோடியாக உயர்த்தப்பட்டது. அதே மாதத்தில், மேற்கு ஜேர்மன் விசா இல்லாத இலங்கைத் தமிழரை இடைவழியாக விடுவதில்லை என்று கிழக்கு முடிவெடுத்தது. இரண்டும் பேசித் தீர்க்கப்பட்டவை. அடுத்த வருடம், தேர்தல் நெருங்கிய வேளையில், 1986 ஒக்டோபர் 1 முதல் எல்லா நாட்டவருக்கும் அந்த வழி அடைக்கப்பட்டது. அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்புதான், ஓகஸ்டில், நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் கண்டெடுக்கப்பட்டார்கள். கப்பல் புறப்பட்ட இடம் மேற்கு ஜேர்மனி.

இந்தச் சம்பவத்துக்கு நான் சொன்ன மூன்று நூல்களிலும் ஒரு அத்தியாயம் கிடையாது. இருக்கவேண்டும் என்று நான் கேட்கவுமில்லை. தொளாயிரம் பக்கத்தில் ஒரு கண்டத்தை அடக்குபவரிடம் என்னுடைய ரயில் பயணத்தைத் தேடுவது சிறுபிள்ளைத்தனம். என் கேள்வி வேறு. ஐரோப்பாவின் போர்களும் அரசியல் மாற்றங்களும் ஐரோப்பாவுக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிந்தவை என்ற எண்ணத்தை ஒரு நூல் தருமானால், அதன் சட்டகத்திலேயே ஏதோ பிழை இருக்கிறது. ஜட்டின் நூல் அந்த எண்ணத்தைத் தருகிறது என்பதே எனது வாதம்.

முதலில் அதன் பலத்தைச் சொல்லவேண்டும். நூலின் தொடக்க அத்தியாயங்களைப் போல எங்களைப் பிடித்து உலுக்கிய எழுத்து அண்மையில் இல்லை. முதல் உலகப்போர் முடிந்தபோது எல்லைகள் நகர்த்தப்பட்டன, மக்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது, போலந்தைத் தவிர்த்துப் பார்த்தால், எல்லைகள் ஏறக்குறைய அப்படியே இருக்க மக்கள் நகர்த்தப்பட்டார்கள் என்கிறார். ஹிட்லரும் ஸ்டாலினும் கொன்றும் பிடுங்கி எறிந்தும் உண்டாக்கிய ஒற்றை இனத் தேசங்களின் மேல்தான் போருக்குப் பிந்திய அமைதி கட்டப்பட்டது என்பது அவருடைய மையமான கருத்து. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து விரட்டப்பட்ட ஜேர்மானியர் மட்டும் ஒரு கோடியே இருபது லட்சத்துக்குக் குறையாது. செக்கோஸ்லாவாக்கியாவிலிருந்து மட்டும் முப்பது லட்சம். ஐரோப்பிய நாகரிகம், ஐக்கியம் என்றெல்லாம் புளகாங்கிதமடைபவர்களுக்கு இது கசப்பு மருந்து. ஜட் அதைச் சர்க்கரை போடாமல் தருகிறார்.

ஆனால் அதே 1940களில் இன்னொரு இடத்திலும் மக்கள் நகர்த்தப்பட்டார்கள். 1947இல் பஞ்சாபையும் வங்காளத்தையும் குறுக்கே வெட்டிய கோட்டின் இருபுறமும் ஓடியவர்கள், விரட்டப்பட்ட ஜேர்மானியருக்குக் குறையாதவர்கள். கோட்டைப் போட்டவர் ராட்கிளிஃப் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர். ஆணை லண்டனிலிருந்து வந்தது. இது ஏன் ஆசிய வரலாறாகவும், சூடேட்டன்லாந்து ஐரோப்பிய வரலாறாகவும் இருக்கவேண்டும்? 1945 மே 8, ஐரோப்பாவில் போர் முடிந்த நாள். அதே நாளில் அல்ஜீரியாவின் செத்திஃப் நகரில் பிரெஞ்சு அரசு கொலையைத் தொடங்கியது. அல்ஜீரியா அப்போது சட்டப்படி பிரான்சின் பகுதி. ஜட் குடியேற்ற நாடுகளை மறந்துவிட்டார் என்று சொல்லமுடியாது. அவற்றின் இழப்பு ஐரோப்பியரின் மனநிலையையும் அரசியலையும் எப்படி மாற்றியது என்று ஒரு அத்தியாயத்தில் எழுதுகிறார். கவனியுங்கள், ‘இழப்பு’. வீட்டுக்காரர் வளவு ஒன்றை விற்றபின் கணக்குப் பார்ப்பது போன்ற அத்தியாயம் அது.

மஸோவர் இந்த இடத்தில் கூர்மையானவர். எங்கள் பள்ளிக்கூடப் பூமிசாத்திரப் புத்தகத்தில் இருண்ட கண்டம் என்றால் ஆபிரிக்கா. அந்தப் பெயரை எடுத்து ஐரோப்பாவின் தலையில் வைத்தவர் அவர். நாசிகள் செய்தது ஐரோப்பியர் வெளியே செய்து பழகியதை ஐரோப்பியர் மீதே செய்ததுதான் என்ற வாதத்தை அவர் எடுத்துக்கொள்கிறார். எமே சேஸேர் மார்த்தினிக்கிலிருந்து 1950இலேயே இதைச் சொல்லிவிட்டார் என்பதை அறிந்தவர்கள் அறிவார்கள். பேர்லின்காரர்களுக்கு இது புத்தகச் செய்தி மட்டுமல்ல. ஆபிரிக்காவைப் பங்குபோட்ட 1884-85 மாநாடு நடந்த வில்ஹெல்ம்ஸ்ட்ராஸ, நாங்கள் இறங்கிய ஃபிரீட்ரிக்ஸ்ட்ராஸ நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். நமீபியாவில் 1904க்கும் 1908க்கும் இடையில் ஹெரேரோ, நாமா மக்களுக்குச் செய்ததை இனப்படுகொலை என்று ஜேர்மன் அரசு ஒப்புக்கொள்ள 2021 ஆகவேண்டியிருந்தது.

ஷோனெஃபெல்டுக்கே இப்படியொரு அடித்தளம் உண்டு. விமானநிலையமாவதற்கு முன் அது ஹென்ஷல் நிறுவனத்தின் விமானத் தொழிற்சாலை. 1930களின் நடுவிலிருந்து போர் முடியும்வரை அங்கே போர்விமானங்கள் செய்யப்பட்டன. பிடித்துவரப்பட்ட கட்டாயத் தொழிலாளர்கள் அங்கே வேலை செய்தார்கள், வதைமுகாம் கைதிகளாகப் பெண்களும் இருந்தார்கள். 1945 ஏப்ரலில் செஞ்சேனை வந்தது. பிறகு அதே ஓடுபாதையில் ஏரோஃப்ளொட். நான் கால்வைத்த பனிக்குக் கீழே இவ்வளவும் இருந்தது என்பதை அறிய எனக்கு இருபது வருடத்துக்கு மேல் சென்றது. அறியத் தந்தது ஜட்டோ மஸோவரோ அல்ல, உள்ளூர் நூலகம் ஒன்றில் இருந்த மெல்லிய புத்தகம்.

இனி 1989க்கு வருவோம். ஜட்டுக்கு அது நூலின் உச்சம். ஹொப்ஸ்பாமுக்கு அது துக்கம். 1914இல் தொடங்கிய அவருடைய குறுகிய நூற்றாண்டு 1991இல் சோவியத்தோடு முடிகிறது. பள்ளிச் சிறுவனாக 1933 வரை பேர்லினில் வாழ்ந்து செங்கொடி பிடித்தவருடைய துக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்களுடைய மகிழ்ச்சிக்கும் துக்கத்துக்கும் வெளியே மூன்றாவதாக ஒரு 1989 இருக்கிறது. நவம்பர் 9 இரவு நானும் சுவரடிக்குப் போனேன். முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்தார்கள், சம்பெய்ன் தந்தார்கள். இரண்டு வருடத்துக்குள் ஹோயர்ஸ்வேர்டா. 1992 ஓகஸ்டில் றொஸ்ரொக்கின் லிக்டன்ஹாகனில் வியட்நாமியத் தொழிலாளர் குடியிருந்த கட்டடம் எரிந்தபோது சனம் கீழே நின்று கைதட்டியது. நவம்பரில் மோல்ன். 1993 மே 26 அன்று பாராளுமன்றம் தஞ்ச உரிமையை வெட்டிக் குறுக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. மூன்று நாள் கழித்து, மே 29 அதிகாலையில், ஸோலிங்கனில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் பெண்களும் சிறுமிகளுமாக ஐவர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த வருடங்களில் ஹைமில் இருந்தவர்கள் இரவில் முறைவைத்து விழித்திருந்தது வாசகர் பலருக்கு நினைவிருக்கும். வாசலில் தண்ணீர் வாளியும் ஒரு கொக்கித்தடியும் வைத்திருந்தோம்.

அந்தத் தஞ்ச உரிமை எங்கிருந்து வந்தது? 1949இன் அடிப்படைச் சட்டத்தில் அரசியல் காரணங்களால் துன்புறுத்தப்படுவோருக்குத் தஞ்சம் உண்டு என்று நிபந்தனை எதுவும் இல்லாமல் எழுதியவர்கள், ஹிட்லர் காலத்தில் எல்லைகளில் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கதி தெரிந்தவர்கள். அவர்களிற் சிலர் தாங்களே நாடுவிட்டு ஓடி வாழ்ந்தவர்கள். அதாவது அந்த ஒரு வரி ஐரோப்பியப் போரின் நேரடி விளைபொருள். அதை முழுதாகப் பயன்படுத்த வந்தவர்கள் ஐரோப்பியர் அல்லாதவர்கள் என்றானதும் வரி குறுக்கப்பட்டது. 1951 அகதிகள் உடன்படிக்கையிலும் இதே கதைதான். 1951 ஜனவரி 1க்கு முந்திய நிகழ்வுகளால் அகதியானோருக்கே அது எழுதப்பட்டது. விரும்பும் அரசு அதை ஐரோப்பாவின் நிகழ்வுகளோடு மட்டுப்படுத்திக்கொள்ளவும் இடமிருந்தது. 1967இல்தான் அந்தக் காலவரம்பு நீங்கியது. சட்டம் பிறந்தபோது அகதி என்ற சொல்லுக்கு ஐரோப்பிய முகம் இருந்தது. இந்தத் தொடர்ச்சியை, போரிலிருந்து சட்டத்துக்கும் சட்டத்திலிருந்து 1993க்கும் இழுத்துப் பார்க்கும் ஒரு வரலாற்றைத்தான் நான் ஜட்டிடம் எதிர்பார்த்தேன். வேலைக்கு அழைத்துவரப்பட்டவர்களையும் குடியேறியவர்களையும் அவர் எழுதுகிறார், பரிவோடும் எழுதுகிறார். ஆனால் அவர்கள் பின்னால் வந்து சேர்ந்தவர்களாகவே இருக்கிறார்கள். கதையின் விசை அவர்களிடம் இல்லை.

இதுவரை எழுதியதை ஒரு ஞாயிறு நான் எங்கள் வட்டத்தில் வாசித்தேன். பெரும்பாலும் தலையாட்டினார்கள். எழுபது வயது தாண்டிய ஒருவர் மட்டும் கேட்டார்: “தம்பி, அவங்கள் எங்களை எழுதேல்லை எண்டிறீர். சரி. நாங்கள் அவங்களை எப்பிடி வாசிச்சனாங்கள்?”

வழக்கு எங்கள் பக்கம் திரும்பியது இங்கேதான்.

ஐரோப்பாவின் போர்கள் எங்கள் மொழிக்குள்ளேயே வந்து குடியேறியவை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜேர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசியது. அன்றிலிருந்து ஒரு கெட்டிக்காரத் தந்திரசாலியைத் தமிழில் எம்டன் என்கிறோம். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்ட கதையைக் கேட்டு வளராத கிழக்குமாகாணப் பிள்ளை குறைவு. இந்த நெருக்கம் இருந்தும் நாங்கள் கற்றது என்ன? ஹைமில் எங்களோடு இருந்த ஒரு பெரியவர், அலுவலகத்திலிருந்து வந்த ஜேர்மன் பெண்ணை மகிழ்விக்க எண்ணி, “ஹிட்லர் குட்” என்று பெருவிரலை உயர்த்திக் காட்டினார். அந்தப் பெண் அழுதுகொண்டு வெளியே போனாள். பெரியவருக்குக் கடைசிவரை காரணம் விளங்கவில்லை. வெள்ளைக்காரனை நடுங்கவைத்தவன் என்பதைத் தவிர ஹிட்லரைப் பற்றி அவருக்கு ஊரில் எவரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். படித்த எங்களுடைய வாசிப்பு அதைவிட எவ்வளவு மேல் என்று இப்போது கேட்டுப் பார்க்கிறேன்.

எங்கள் கூட்டங்களிலும் சஞ்சிகைகளிலும் ஐரோப்பிய வரலாறு ஒரு சாமான் அறை. தேவைப்பட்டதை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுவோம். 1991இல் ஸ்லோவேனியா பிரிந்தபோது ஸ்லோவேனியா. 1993 ஜனவரி 1 அன்று செக்கும் ஸ்லோவாக்கும் சத்தமின்றிப் பிரிந்தபோது அது. 2008இல் கொசோவோ. எந்தச் சிறிய தேசம் எந்த வருடம் கொடி ஏற்றியது என்பது எங்களுக்குப் பாடம். அந்தத் தேசங்கள் தங்களுக்குள் இருந்த சிறுபான்மைகளை என்ன செய்தன என்பது பாடத்திட்டத்தில் இல்லை. 1923 லோசான் உடன்படிக்கையின்படி கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையில் பதினைந்து லட்சம் பேர் மதத்தை மட்டும் அளவுகோலாக வைத்து மாற்றிக்கொள்ளப்பட்டதை மஸோவரும் ஜட்டும் விட்டகலாது பேசுவது ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. அந்த முறையை எங்கள் நாட்டுக்குள்ளும் பார்த்திருக்கிறோம். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட தாளில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கிடப்பட்டார்கள். அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. இதை நாங்கள் சிங்களப் பேரினவாதத்தின் குற்றப்பத்திரிகையில் சேர்த்தோம், சரியாகவே சேர்த்தோம்.

இருபத்தாறு வருடம் கழித்து அதே திகதி. 1990 ஒக்டோபர் 30 காலையில் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் ஒலிபெருக்கியில் அழைக்கப்பட்டு ஒஸ்மானியா கல்லூரி மைதானத்தில் கூட்டப்பட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். சில நூறு ரூபாவோடும் உடுத்த உடுப்போடும் போனார்கள். நகை, வீட்டுறுதி, தையல் மெஷின் எல்லாம் பறிக்கப்பட்டன. மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா எல்லாம் சேர்த்து அந்த இரு வாரங்களில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர்.

அந்த ஒக்டோபரில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது எனக்கு மிகத் துல்லியமாகத் தெரியும். ஜேர்மனி இணைந்த அதே மாதத்தின் 3ஆம் திகதி பிராண்டன்பேர்க் வாசலில் நின்றேன். அதைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். சுவர்கள் இடிவது பற்றி, மக்கள் வரலாற்றைத் தங்கள் கையில் எடுப்பது பற்றி, ஈழத்துக்கு அதிலிருந்து வரும் நம்பிக்கை பற்றி. கட்டுரையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த வாரத்தில் யாழ்ப்பாணத்துச் செய்தி வந்துவிட்டது. ஒரு அடிக்குறிப்புக்கூடச் சேர்க்கவில்லை. பொருத்தமில்லை என்று நினைத்தேன். வேறு ஊர்களில் வேறு சிலர் உடனே எழுதினார்கள், அதற்காக வசையும் மிரட்டலும் வாங்கினார்கள். நான் எழுதவில்லை. பயமும் இருந்தது. பயத்தைவிட, அது நான் எழுதிக்கொண்டிருந்த ‘பெரிய’ வரலாற்றின் பகுதியாக எனக்குப் படவில்லை என்பதே உண்மை. ஜட்டின் சட்டகத்துக்கு வெளியே ஷோனெஃபெல்ட் கிடப்பதுபோல என் சட்டகத்துக்கு வெளியே மைதானத்தில் அவர்கள் நின்றார்கள். இரண்டு வருடம் கழித்துப் பொஸ்னியாவிலிருந்து ‘இனச்சுத்திகரிப்பு’ என்ற சொல் எங்கள் சஞ்சிகைகளுக்கு வந்தது. அதை நாங்கள் உடனே எங்களுக்கு நடப்பதற்குப் பயன்படுத்தத் தொடங்கினோம்.

இந்த இடத்தில் வட்டத்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது. ஒரு நண்பரின் மறுப்பு இது: 2009 மே முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு, எங்களைக் கொன்றவர்கள் ஒரு நாள்கூட நீதிமன்றம் ஏறாத நிலையில், எங்கள் தவறுகளை நாங்களே அடுக்குவது எதிரிக்குக் கணக்கைச் சமன்செய்து கொடுப்பதாகும். இதை நான் இலேசாக ஒதுக்கமாட்டேன். கொழும்பு அந்தக் கணக்கை உண்மையிலேயே அப்படித்தான் பயன்படுத்துகிறது. ஆனால் ஜட்டின் நூலுக்குள்ளேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. செக் மக்கள் நாசிகளிடம் பட்டது சிறிதல்ல. அதன் பின் மூன்று மில்லியன் ஜேர்மானியரை அவர்கள் விரட்டியபோது உலகமே அதை நியாயம் என்றது. 1989 முடிவில் ஹாவல் அந்த விரட்டலை ஒழுக்கக்கேடு என்று வெளிப்படையாகச் சொன்னார். சொந்த மக்களிடமே ஏச்சு வாங்கினார். அதனால் லிடிட்ஸேக் கிராமத்தில் நாசிகள் செய்த கொலை எந்த விதத்திலும் குறைந்துபோகவில்லை. எங்களிடம் 2002 ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் முஸ்லிம்களின் வெளியேற்றத்தை ஓர் அரசியல் தவறு என்ற அளவில் பேசினார். பன்னிரண்டு வருடம் கழித்து. அதற்கு மேல் அது போகவில்லை. எழுத்தாளர்களாகிய நாங்கள் அதைத் தொடர்ந்து கொண்டுபோயிருக்கலாம்.

இன்னொரு தோழியின் மறுப்பு எனக்கு இன்னும் கடினமானது. எதற்கெடுத்தாலும் ஐரோப்பாவோடு ஒப்பிட்டுத்தான் எங்கள் வரலாற்றை விளங்கிக்கொள்ள வேண்டுமா, இதுவும் அடிமைப் புத்திதானே என்றார். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒப்பீட்டை விட்டுவிடுவதால் அந்தப் புத்தி போய்விடும் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பது இந்த வரலாற்றைத்தான். என் மகளின் பாடப்புத்தகத்தில் ஃபிரீட்ரிக்ஸ்ட்ராஸ நிலையத்தின் படம் இருந்தது. பிரியாவிடை சொல்லும் கிழக்கு மேற்கு உறவினர்கள். “அப்பா, நீங்களும் இதாலையா வந்தனீங்கள்?” என்று கேட்டாள். ஆம் என்றேன். “அப்ப இதிலை ஏன் நீங்கள் இல்லை?” என்றாள். அதற்கு ஒரு பதில் சொன்னேன். ஊர் முஸ்லிம்களைப் பற்றி அவள் பிறகு ஒரு நாள் கேட்டபோது அதே சுலபத்தில் சொல்லமுடியவில்லை.

ஜட் 2010இல் காலமானார். 2021 இலையுதிர்காலத்தைப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். பெலருஸ் அரசு ஈராக்கியர்களையும் சிரியர்களையும் விசா கொடுத்து மின்ஸ்க்கில் இறக்கி, போலந்து எல்லைக் காட்டுக்குள் தள்ளியது. ஐரோப்பா அதைப் புதுவகைத் தாக்குதல் என்றது. மனிதர்கள் ஆயுதமாக்கப்படுகிறார்கள் என்றது. ஷோனெஃபெல்டை நினைவுகூர்ந்தவர்கள் மிகச்சிலர். ஒரு வித்தியாசம் உண்டு. 1985இல் அந்தக் கோட்டை எல்லை என்று ஒப்புக்கொள்ள மேற்குக்கு மனமில்லை, அதனால் நாங்கள் உள்ளே வந்தோம். 2021இல் அது எல்லை என்பதில் எவருக்கும் சந்தேகமிருக்கவில்லை. அவர்களிற் பலர் குளிரில் காட்டுக்குள்ளேயே இறந்துபோனார்கள். நாலைந்து மாதம் கழித்து, 2022 பெப்ரவரி இறுதியில், உக்ரேனியர்களுக்கு அதே போலந்தின் இன்னொரு எல்லை திறந்தது, திறந்திருக்கவும் வேண்டும். 2021 மார்ச் இறுதியில் டுசல்டோர்ஃபிலிருந்து தனி விமானத்தில் கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்களையும் இந்தக் கணக்கிலே சேர்த்துக்கொள்ளலாம்.

சென்ற மாதம் ஷோனெஃபெல்டுக்குப் போய்ப் பார்த்தேன். 2020 ஒக்டோபர் முடிவில் பக்கத்திலேயே புதிய விமானநிலையம் திறந்துவிட்டது. பழையது ஐந்தாம் முனையம் என்ற பெயரில் சில மாதம் ஓடி, 2021 பெப்ரவரியில் நின்றுபோனது. ரயில்நிலையத்துக்கு மட்டும் 2023இல் பழைய பெயர் திரும்பக் கிடைத்திருக்கிறது. மேடையில் நானும் புகைபிடித்துக்கொண்டிருந்த ஒரு இளைஞனும்தான். ஜட்டின் புத்தகம் பைக்குள் இருந்தது, எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறுகளுக்கு நான் வைத்த யோசனை இது: ‘போருக்குப் பின்’ நூலின் முதலாவது அத்தியாயத்தையும் 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் புத்தளம் முகாம்களில் சொன்ன சாட்சியங்களையும் அருகருகே வைத்து வாசிப்பது, வாசிக்கும்போது அவர்களில் ஒருவரையாவது அழைத்து இருத்துவது. மூவர் சம்மதித்தார்கள். இருவர் இப்போது வேண்டாம் என்றார்கள். முதலில் சம்மதித்தவர் ‘ஹிட்லர் குட்’ கதையைச் சொல்லி எங்களோடு அதிகம் சிரித்தவர். மறுப்பவர்கள் இந்தப் பக்கங்களிலேயே எழுதவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். எழுதுவதாக ஒருவர் வாக்குத் தந்திருக்கிறார்.